கேட் போட்டிருக்கு

அவர்கள் டிரம்கீலன் கேட் வீட்டுக்குக் குடிவந்த அன்று மழை பெய்துகொண்டிருந்தது. அயர்லாந்தின் லீட்ரிம் பக்கத்தில் இதைத் தனியாகச் சொல்வது வீண் வேலை. மழை பெய்யாமல் இருந்திருந்தால் சொல்லலாம்.

டெர்வ்லாவுக்கு மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. காரிலிருந்து இறங்கவே ஒரு ஆள் கை கொடுக்க வேண்டும். அந்த ஆளான அவள் கணவன் ஃபீக்ரா, வேனிலிருந்து ஒரு நீளமான பலகையை, விபத்தில் அடிபட்டவனைத் தூக்குகிற பதமையோடு, நண்பன் ஒருவனைச் சேர்த்துக்கொண்டு வீட்டுக்குள் கொண்டுபோனான். அடுத்து இன்னொரு பலகை. தொட்டில் அதற்குப் பிறகுதான்.

"பிள்ளை பொறந்தா அதையும் வரிசையில நிக்கச் சொல்லுவியா?" என்றாள் டெர்வ்லா, கார் கதவைப் பிடித்துக்கொண்டு.

"பலகை நனைஞ்சா வளைஞ்சிடும்மா."

"நான் நனைஞ்சா?"

"நீ ஏற்கெனவே வளைஞ்சுதானே நிக்கிற."

அந்த வீடு ஒரு காலத்தில் ரயில்வே கேட் கீப்பருக்குக் கட்டிக்கொடுத்த குவார்ட்டர்ஸ். ரயில் நின்று இரண்டு தலைமுறை ஆகிறது. தண்டவாளத்தைப் பிடுங்கி இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். கேட்டும் போயிற்று. ரோட்டின் இரு பக்கமும் கொடி படர்ந்த கல்தூண்கள் மட்டும் எதையோ மறந்துவிட்டு யோசிக்கிறவர்களைப் போல நின்றன. ஊர், கடை, ஸ்லைகோ ஆஸ்பத்திரி எல்லாம் தூண்களுக்கு அந்தப் பக்கம். வீடு இந்தப் பக்கம். வீட்டைத் தாண்டினால் ரோடு ஏரிக்கரையில் போய் முடிந்துவிடும். வேறு வழி கிடையாது.

முன்னறைக்கு மூன்று பக்கமும் ஜன்னல். பாதையின் இரண்டு திசையையும் கேட் கீப்பர் பார்ப்பதற்காக வைத்தது. அது குழந்தையின் அறை என்று பேச்சு. பேச்சு அப்படியே இருக்க, அறைக்குள் ஃபீக்ரா பலகைமேல் கட்டுகிற குட்டி ரயில்வே ஏறிக்கொண்டது. "தற்காலிகமாகத்தான்" என்றான். கல்யாணமான நாளிலிருந்து டெர்வ்லா அந்த வார்த்தையோடுதான் குடித்தனம் நடத்திவருகிறாள்.

அவன் கட்டிக்கொண்டிருந்தது இதே டிரம்கீலன் கேட்டின் மாதிரி. இதே வீடு, இதே ரோடு, இதே தூண்கள், கையகலத்தில். வீடு வாங்கியதே அதற்காகத்தான் என்பது டெர்வ்லாவுக்குத் தெரியாது என்று அவன் நம்பினான்.

இங்கே ஒரு சங்கதியைச் சொல்லிவிட வேண்டும். அயர்லாந்தின் ரயில் பாதை இங்கிலாந்துப் பாதையைவிட அரையடிக்கு மேல் அகலம். கடையில் விற்கிற குட்டி எஞ்சின்களோ இங்கிலாந்து அகலத்துக்குச் செய்தவை. விவரமான ஆட்கள் அதையே வாங்கி, பச்சை பெயின்ட் அடித்து, ஐரிஷ் நம்பர் எழுதி, ஓட்டி, சந்தோஷமாக டீ குடிப்பார்கள். ஃபீக்ரா விவரமான ஆள் இல்லை. கொள்கை உள்ள ஆள். ஒவ்வொரு கட்டையாக அறுத்து, உண்மையான ஐரிஷ் அகலத்தின் கணக்குப்படியே தண்டவாளம் போட்டான். பார்க்கக் கண் கொள்ளாது. உலகத்தின் எந்தக் கடையிலும் வாங்கிய எந்த எஞ்சினும் அதன்மேல் நிற்காது.

சக்கரங்களைக் கார்க் நகரத்தில் ஒருவர் தனியாகச் செய்துதருகிறார். கேட்டால் செய்வார். அவசரம் என்றால் செய்ய மாட்டார். பாதை சரியாக இருக்கிறதா என்று உருட்டிப் பார்க்க ஃபீக்ராவிடம் இருந்தது, ரயிலின் வாலில் கார்டு ஏறுகிற கார்டு பெட்டி ஒன்றே ஒன்று.

மாதிரி ரயில் சங்கத்தின் செயலாளர் மாலக்கி பல் டாக்டர். பகலில் பல்லில் ஓட்டை போடுவார், மாலையில் பிறர் மனசில். ஒரு சனிக்கிழமை வந்து, குனிந்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"கேட் அருமைடா தம்பி."

"பித்தளைப் பட்டை, அண்ணே. ஒவ்வொண்ணா பற்றவச்சேன்."

"ரோட்டுக்குக் குறுக்க மூடியே வச்சிருக்க?"

"நேத்துதான் ஒட்டினேன். ஊசி போட்டு, ரெண்டு டியூப் பசையும் கலந்து. இனி அந்தக் கேட்டை அசைக்க ஆள் பொறந்து வரணும்."

"சரி. எதுக்கு மூடியிருக்கு?"

"ரயில் வருதே."

மாலக்கி பாதையின் இந்த முனையைப் பார்த்தார். அந்த முனையைப் பார்த்தார். "எங்க?"

"சக்கரம் வந்ததும்."

"ரயிலே இல்லாம கேட்டைப் போட்டு ஊரை நிறுத்தி வச்சிருக்க. நீ அரசாங்கத்துலயே வேலைக்குச் சேர்ந்திருக்கலாம்."

ரயில் ரசிகனின் உலகத்தில் ரயில் எப்போதும் வந்துகொண்டேதான் இருக்கும். ரோட்டில் போகிறவன் காத்திருக்க வேண்டியதுதான். திறந்த கேட்டை எந்த ரசிகனும் ஃபோட்டோ எடுப்பதில்லை. அதனால் ஃபீக்ராவுக்கு அந்தக் கிண்டல் உறைக்கவில்லை.

திங்கட்கிழமை காலை தபால்காரரின் பச்சை வேன் ரோட்டில் வந்தது. தூண்களுக்கு அந்தப் பக்கம் நின்றது. எஞ்சின் அணைந்தது.

ஃபீக்ரா ஜன்னல் வழியாகப் பார்த்தான். தபால்காரர் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி, சாவகாசமாக, இடது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே வயலும் ஈர மாடுகளும் தவிர வேறொன்றுமில்லை. ஒரு டீ குடிக்கிற நேரம் கழித்து, தலையை உதறிக்கொண்டு வண்டியைக் கிளப்பி வந்தார்.

"லேட் ஆயிடுச்சு தம்பி. கேட் போட்டிருந்துச்சு," என்று கடிதங்களைக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, தான் சொன்னதைத் தானே ஒருமுறை யோசித்துப் பார்த்தார். பிறகு மழையைப் பற்றிப் பேசினார்.

மறுநாள் வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் கொண்டுவந்த லாரி அதே இடத்தில் நின்றது. அது இன்னும் நீண்ட நேரம் நின்றது. பிறகு பின்னாலேயே உருண்டு திரும்பிப் போய்விட்டது. ஃபோன் செய்து கேட்டதற்கு, "கேட் தொறக்கவே இல்லீங்க" என்றான் டிரைவர்.

அதற்கு அடுத்த நாள் டெர்வ்லா கடைக்குப் போய்விட்டுத் திரும்ப மத்தியானம் ஆகிவிட்டது.

"எங்க போயிட்ட? நான் பயந்தே போனேன்."

"கேட் போட்டிருந்தாங்க."

"என்ன கேட்?"

டெர்வ்லா பையை மேசைமேல் வைத்தாள். உள்ளே ஐஸ்கிரீம் பாலாக உருகிக் கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "தெரியல. நிக்கணும்னு தோணுச்சு, நின்னேன். ஒண்ணும் பயமா இல்ல. நல்லாக்கூட இருந்துச்சு. இதோ வந்துரும், இதோ வந்துரும்னு. அப்புறம் இவன் வயித்துக்குள்ள ஒரு உதை விட்டான் பாரு. அப்பத்தான் முழிப்பு வந்துச்சு."

"மாசமா இருக்கறப்ப தூக்கம் தூக்கமா வருமாம்."

"அந்த எண்ணெய் லாரிக்காரனும் மாசமா இருக்கானா?"

ஃபீக்ரா உருகிய ஐஸ்கிரீமை எடுத்துத் தொட்டியில் கொட்டினான்.

அன்று மாலைதான் அறைக்குள் அந்தச் சத்தத்தை முதலில் கேட்டான். ஃபீக்ரா நின்றுகொண்டே வேலை செய்பவன். அங்கே நாற்காலி கிடையாது. ஆனால் அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு நாற்காலி முனகியது. யாரோ எழுந்திருக்கிறார்கள்.

காலடி. வாசல்வரை போயிற்று. நின்றது.

திரும்பி வந்தது.

நாற்காலி மறுபடி முனகியது.

ஈரக் கம்பளி வாடையும் மண்ணெண்ணெய்த் திரி கருகுகிற வாடையும் ஒரு நொடி மூக்கைத் தொட்டுவிட்டுப் போயின. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கையிலிருந்த தூரிகையால் ஏற்கெனவே பெயின்ட் அடித்த வேலிக்கு இன்னொரு தரம் அடித்தான்.

அதற்குப்பின் அது ஓயவில்லை. டெர்வ்லா குளிக்கும்போது, அவன் ஆபீஸ் வேலையாகக் கம்ப்யூட்டரில் பேசிக்கொண்டிருக்கும்போது, சோறு தின்னும்போது. எழும். வாசல்வரை போகும். நிற்கும். திரும்பும். உட்காரும். பயமுறுத்தவேண்டும் என்கிற எண்ணமே அதற்கு இருந்ததாகத் தெரியவில்லை. அது யாரையும் கவனிக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் சேதிக்குக் காத்திருப்பவர்கள் நடப்பார்களே, அந்த நடை. கேட்கக் கேட்க ஃபீக்ராவுக்கும் உட்கார முடியாமல் போயிற்று. அவனும் எழுந்து வாசல்வரை போய்த் திரும்ப ஆரம்பித்தான்.

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல நடக்காதீங்க, எனக்குத் தலை சுத்துது," என்றாள் டெர்வ்லா. சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் வட்டார நர்ஸ் அட்ராக்டா சோதனைக்கு வந்தாள். ஐம்பதைத் தாண்டியவள், அகலமானவள், இந்தப் பக்கத்துப் பிள்ளைகளில் பாதிப் பேரைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கியவள். சொன்ன நேரத்துக்கு வெகுநேரம் கழித்து, கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள்.

"கேட் போட்டிருந்துச்சா அக்கா?" என்று கேட்டான் ஃபீக்ரா.

அட்ராக்டா கோட்டைக் கழற்றுவதை நிறுத்தினாள். "பின்னாடி வந்த டிராக்டர் என் பம்பருக்கு முத்தம் குடுத்துச்சு. அதனால முழிச்சேன். இல்லேன்னா அங்கயேதான் இருந்திருப்பேன். அவன் இன்னும் நிக்கிறான், பாரு."

ஜன்னல் வழியாகத் தெரிந்தது. எஞ்சின் அணைந்த டிராக்டர். மேலே ஒருவன். தொப்பியிலிருந்து மழை ஒழுக, இடது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"டீலியா கதை உனக்கு யாரும் சொல்லலியா?" என்றாள் அட்ராக்டா.

"யாரு டீலியா?"

"இந்த வீட்டுல கடைசியா இருந்த கேட் கீப்பர். எங்கம்மா பார்த்திருக்காங்க. லைனை மூடுற அன்னைக்கு, ராத்திரி ஒரு ஸ்பெஷல் வண்டி வரும், கேட்டைப் போட்டு வைன்னு சொல்லியிருக்காங்க. இவளும் போட்டுட்டா. அந்த வண்டியை ரத்து பண்ணிட்டானுங்க. இவகிட்ட சொல்ல ஒருத்தனுக்கும் ஞாபகம் இல்ல. விடியறப்போ பால் வண்டி, சந்தைக்குப் போற மாடு எல்லாம் சர்ச் வரைக்கும் நிக்குது. தொறடின்னா தொறக்க மாட்டேங்குறா. வண்டி போகாம கேட்டைத் தொறக்கக் கூடாது, அதான் சட்டம். எழுந்து வாசலுக்கு வருவாளாம், பார்ப்பாளாம், திரும்பப் போய் உக்காருவாளாம்."

"அப்புறம்?"

"ஒரு தடவை உக்காந்தவ எந்திரிக்கல. கண்ணு தொறந்தபடியே இருந்துச்சாம். இடது பக்கமா. அதுக்கப்புறம் ஆம்பளைங்க போய்க் கேட்டைத் தொறந்தாங்க." அட்ராக்டா பலகைமேல் இருந்த சின்னக் கேட்டைப் பார்த்தாள். வெள்ளைப் பெயின்ட், நடுவே சிவப்பு வட்டு. ரோட்டுக்குக் குறுக்கே கச்சிதமாக மூடியிருந்தது. "இத்தனை வருஷம் சும்மாத்தான் இருந்தா. நீதான் அவளுக்குத் திரும்பக் கேட்டைப் போட்டுக் குடுத்திருக்க. இதை இப்பவே உடைச்சுப் போடு."

ஃபீக்ராவுக்கு எல்லாம் விளங்கியது. வண்டி வரவில்லை. சக்கரம்கூட வரவில்லை. கேட் மட்டும் போட்டிருக்கிறது.

"உடைச்சிடறேன் அக்கா."

சொன்னவன் உடைக்கவில்லை. அட்ராக்டா டெர்வ்லாவைப் பார்த்துவிட்டு, இன்னும் சில நாள் ஆகும் என்று சொல்லிக் கிளம்பிப் போன பிறகு, இடுக்கியைக் கையில் எடுத்துக்கொண்டு பலகை முன்னால் நின்றான். அவன் வாழ்நாளில் செய்ததிலேயே சிறந்த கேட் அது. ஒவ்வொரு சட்டமும் தலைமுடி அளவுக்குச் சரி. உடைப்பதற்கு முன்னால் நல்ல வெளிச்சத்தில் நாலு ஃபோட்டோ எடுத்துவிடலாம் என்று தோன்றியது. நல்ல வெளிச்சம் என்றால் காலையில்தான்.

நாளைக்கு என்று முடிவு செய்தான்.

வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தபோது டெர்வ்லா சமையலறையிலிருந்து கூப்பிட்டாள். அவன் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டாள், ஆனால் அவன் அதுவரை கேட்டிராத குரலில். பனிக்குடம் உடைந்து, அவள் காலடியில் தரை நனைந்திருந்தது.

ஆம்புலன்ஸுக்கு ஃபோன் செய்தான். புறப்பட்டுவிட்டது என்றார்கள். அந்த நேரம் பின்கதவு திறந்து அட்ராக்டா உள்ளே வந்தாள். முகம் வெளுத்திருந்தது. அவள் வீட்டுக்கே போகவில்லை. தூண்களுக்கு இந்தப் பக்கம் காரை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, இத்தனை நேரமும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய மகன் ஃபோன் அடித்து அடித்துத்தான் முழிக்க வைத்திருக்கிறான்.

"உடைச்சியா?"

அவன் கண் முன்னறைப் பக்கம் போயிற்று.

அட்ராக்டா அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கை கழுவிக்கொண்டு டெர்வ்லாவிடம் போனாள். திரும்பி வந்தபோது குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பிள்ளை குறுக்க திரும்பிக் கெடக்கு. இங்க வச்சு ஆகாது. ஆபரேஷன்தான். சீக்கிரம் போகலேன்னா ரெண்டு உசுருக்கும் நான் பொறுப்பில்ல."

ஜன்னலில் நீல வெளிச்சம் சுழன்றது.

சுழன்றுகொண்டே இருந்தது.

பக்கத்தில் வரவில்லை.

ஃபீக்ரா வெளியே ஓடினான். தூண்களுக்கு அப்பால் டிராக்டர். அதன் பின்னால் ஆம்புலன்ஸ். எஞ்சின் அணைந்திருந்தது. மழையில் நீல வெளிச்சம் மட்டும் சத்தமில்லாமல் சுற்றியது. டிரைவர் அவனைப் பார்த்து, இந்தப் பக்கத்து ரோடுகளில் எல்லோரும் செய்வதுபோல, ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கி வணக்கம் சொன்னார்.

"வாங்க. பிரசவம். உள்ள வாங்க," என்று கத்தினான் ஃபீக்ரா.

டிரைவர் கண்ணாடியை இறக்கினார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "இதோ தம்பி. வண்டி போகட்டும்."

"எந்த வண்டி?"

"இப்ப வந்துரும்."

அவரைக் காலரைப் பிடித்து இழுத்து வரவேண்டும் என்றுதான் ஃபீக்ரா முன்னால் அடி எடுத்து வைத்தான். கல்தூணுக்கு நேராக வந்ததும் நின்றான்.

அவசரம் போய்விட்டது.

அது எங்கே போயிற்று என்று தேடக்கூடத் தோன்றவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். மழை பிடித்திருந்தது. எல்லாம் இனி இன்னொருவர் பொறுப்பு என்பதுபோல் உடம்பு லேசாகிவிட்டது. அவர்கள் பார்த்த பக்கமே, இருட்டு கட்டிக்கொண்டிருந்த வயலைப் பார்த்தான். தூரத்தில் புகை இருக்கிறதா. இதோ, வந்துவிடும்.

"லேட்டுதான்," என்றான் ஆம்புலன்ஸ்காரரிடம்.

"வழக்கந்தானே," என்றார் அவர்.

டிராக்டர்காரன் தலையாட்டினான்.

எவ்வளவு நேரம் நின்றான் என்பது அவனுக்குத் தெரியாது. வீட்டுக்குள்ளிருந்து டெர்வ்லாவின் அலறல் வந்தது. முதல் முறை யாரோ யாரையோ கூப்பிடுவதாகத்தான் பட்டது. இரண்டாவது அலறலில் அவன் பெயர் இருந்தது.

திரும்பி ஓடினான்.

முன்னறையில் காலடிகள் நிற்காமல் நடந்துகொண்டிருந்தன. வாசல், நாற்காலி. வாசல், நாற்காலி. கரிப்புகை நெடி தொண்டையை அடைத்தது. அவன் விளக்கைப் போட்டு, இடுக்கியால் கேட்டைப் பிடித்து இழுத்தான். அசையவில்லை. கையாலேயே பிடித்துப் பிடுங்கினான். அவன் செய்த காரியங்களில் இதுவரை எதுவும் ஒரு கோடைகாலம்கூடத் தாங்கியதில்லை. சமையலறை அலமாரி ஒரு மாதத்தில் விழுந்தது. இந்தக் கேட் மட்டும் மலை மாதிரி நின்றது. பித்தளைச் சட்டம் விரலைக் கிழித்தது. பலகை மொத்தமும் ஆடியது, கேட் ஆடவில்லை.

காலடி அவன் பக்கத்தில் வந்து நின்றது.

காதருகே மூச்சு. முதியவளின் மூச்சு. குளிர்ந்திருந்தது. கோபம் ஏதும் அதில் இல்லை. தப்பான காரியம் செய்ய வருகிறவனைப் பொறுமையாகத் தடுக்கிற பிடிவாதம் மட்டும் இருந்தது.

வண்டி போகாமல் கேட்டைத் திறக்கக் கூடாது.

ஃபீக்ரா கையை எடுத்தான். இவளோடு மல்லுக்கட்டிப் பிரயோஜனமில்லை. இவளுக்கு வேண்டியது வண்டி.

அலமாரியிலிருந்து கார்டு பெட்டியை எடுத்தான். அந்தத் தண்டவாளத்தில் நிற்கக்கூடிய ஒரே வாகனம். எஞ்சின் இல்லை. இடது முனையில் அதை வைத்து, ஒற்றை விரலால் தள்ளினான். சின்னச் சக்கரங்கள் கடகடவென்று உருண்டன. அறையில் எல்லாச் சத்தமும் நின்றது. கார்டு பெட்டி சின்ன வீட்டைத் தாண்டியது. ரோட்டைத் தாண்டியது. மூடிய கேட்டுகளுக்கு நடுவே போய், வலது முனையில் நின்றது.

காலடி வாசல்வரை போயிற்று.

நின்றது.

திரும்பி வந்தது.

நாற்காலி முனகியது.

"இன்னும் என்ன வேணும்?" என்றான் ஃபீக்ரா. "போயிடுச்சே. பார்த்தல்ல. போயிடுச்சு."

உள்ளே அட்ராக்டா, "மூச்சை இழுத்து விடு, இழுத்து விடு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். டெர்வ்லாவின் குரல் கேட்கவில்லை. அது அலறலைவிட மோசமாக இருந்தது.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. சங்கத்தில் சேர்ந்த முதல் வாரமே எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிற பாடம். ரயிலின் கடைசிப் பெட்டியில் சிவப்பு விளக்கு தொங்க வேண்டும். அந்த விளக்கைக் கண்ணால் பார்த்தால்தான் வண்டி முழுசாக வந்துபோனதாகக் கணக்கு. விளக்கு இல்லையென்றால் பெட்டிகள் பாதி வழியில் அறுந்து நிற்கின்றன என்று அர்த்தம். பின்னால் இன்னும் வரவேண்டியது இருக்கிறது. எந்தக் கேட் கீப்பரும் திறக்க மாட்டார். அவனே நாலு கண்காட்சிகளில் மற்றவர்களின் வண்டியைக் காட்டி, வால்விளக்கு எங்கே என்று நக்கலடித்திருக்கிறான்.

கார்டு பெட்டியை எடுத்தான். பின்பக்கத்தில் கிழிந்த விரலை வைத்து அழுத்தினான். ஒரு துளி ரத்தம் விளக்கு இருக்கவேண்டிய இடத்தில் உருண்டு நின்றது. இடது முனையிலிருந்து மறுபடி தள்ளினான். இந்த முறை பெட்டி மெதுவாகப் போயிற்று. நிஜ வண்டி போகிற வேகத்தில்.

வீட்டைத் தாண்டியது. ரோட்டைத் தாண்டியது.

சிவப்பு, விளக்கு வெளிச்சத்தில் மினுங்கிக்கொண்டே போயிற்று.

அவன் தோளுக்குப் பக்கத்தில் யாரோ நீண்ட மூச்சு விட்டார்கள்.

நாற்காலி முனகியது. காலடி வாசலுக்குப் போயிற்று. இந்த முறை நிற்கவில்லை. கதவு திறக்காமலே அது வெளியே சரளைக்கல்மேல் நடக்கிற சத்தமாக மாறியது.

இரும்பு கிரீச்சிட்டது.

எண்ணெய் போட்டு இரண்டு தலைமுறை ஆன இரும்பு. நீளமாக, ஒரு பக்கம். பிறகு மறுபக்கம்.

டிராக்டர் உறுமியது. அதன் பின்னால் ஆம்புலன்ஸ் சைரன் பாதியில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்ததுபோல அலறிக்கொண்டு வாசலுக்கு வந்தது. டிரைவர் குதித்து இறங்கினார். "வழியில ஒரு நிமிஷம்கூட நிக்கல தம்பி," என்றார்.

குழந்தை பிழைத்தது. தாயும் பிழைத்தாள். இவன் இவன் என்று சொல்லிக்கொண்டிருந்தது பெண்ணாகப் பிறந்தது. ஈனா என்று பேர் வைத்தார்கள். டீலியா என்று வைக்கலாமா என்று அட்ராக்டா கேட்டதற்கு டெர்வ்லா அவளைப் பார்த்த பார்வையில் அட்ராக்டா தன் வாழ்நாளில் முதல்முறையாக மன்னிப்புக் கேட்டாளாம்.

பலகைகளை மாலக்கி வேன் கொண்டுவந்து சங்கத்துக்கு எடுத்துப்போனார். அவர் குனிந்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"அசையாதுன்னு சொன்ன. தொறந்திருக்கே?"

கேட்டுகள் இரண்டும் ரோட்டைவிட்டு விலகி, தண்டவாளத்துக்குக் குறுக்கே திரும்பியிருந்தன. அடியில் பசை கட்டியாக, ஒரு கீறல்கூட இல்லாமல், அப்படியே பளபளத்தது.

"எப்படிடா செஞ்ச?"

"எடுத்துட்டுப் போங்க அண்ணே."

முன்னறை குழந்தையின் அறையாயிற்று. சுவருக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தார்கள். தபால்காரர் நேரத்துக்கு வந்தார். எண்ணெய் லாரி வந்தது. யாரும் எங்கும் நிற்கவில்லை. ஃபீக்ரா கார்க் நகரத்துக்காரருக்கு எழுதி, சக்கரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். நாற்காலி ஒன்றை வாங்கிப்போட்டு, அதில் உட்கார்ந்து ஈனாவுக்குப் புட்டிப்பால் கொடுத்தான். இதைவிடச் சாதாரணமான குடும்பம் லீட்ரிமில் இருக்க முடியாது.

வசந்தம் பிறந்த ஒரு காலை. மழை கொஞ்சம் விட்டிருந்தது. ஈனா எதற்கோ வீடு இடிகிற மாதிரி அழுதுகொண்டிருந்தாள். ஃபீக்ரா அவளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு ஜன்னலோரம் நின்றான். ரோட்டில் பால் லாரி வந்தது.

தூண்களுக்கு அந்தப் பக்கம் நின்றது.

எஞ்சின் அணைந்தது.

ஈனா அழுகையை நிறுத்தினாள்.

தோளிலிருந்து தலையைத் தூக்கி, இடது பக்கம் திருப்பினாள். கண்கள் அகல விரிந்தன. பிறகு அவை மெல்ல இடமிருந்து வலமாக நகர்ந்தன. வலது கோடிக்குப் போனதும் சட்டென்று இடப்பக்கம் தாவித் திரும்பின. மறுபடி மெல்ல வலது பக்கம். மறுபடி தாவல். ரோட்டோரம் நின்று பெட்டி பெட்டியாகப் பார்க்கிறவர்களின் கண் அப்படித்தான் ஓடும்.

ஜன்னலுக்கு வெளியே வயல் இருந்தது. மாடுகள் இருந்தன.

"டெர்வ்லா," என்று கூப்பிட நினைத்தான். கூப்பிடவில்லை.

அது முடிவதாக இல்லை. ஜன்னல் கண்ணாடி சட்டத்துக்குள் மெதுவாக அதிர்ந்தது. கடைசியில் ஈனாவின் கண்கள் வலது பக்கம் போய், திரும்பி வராமல், வெகுதூரத்தில் சிறுத்துக்கொண்டே போகிற ஏதோ ஒன்றின்மேல் நின்றன.

பால் லாரி கிளம்பியது. டிரைவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கினார்.

நல்ல நீளமான வண்டி, என்று ஃபீக்ராவுக்குத் தோன்றியது. சரக்கு வண்டியாக இருக்கும்.